சாயத் தண்ணீருக்குள் மின்னல்!

நிறத்தை உடைக்கும் புது விஞ்ஞானம். உப்பு என்ன ஆகும்?

"அணையைத் திறந்து தண்ணீர் விடுங்கள்!" என்று விவசாயிகள் கேட்பார்கள். அது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்.

"அணையைத் திறக்காதீர்கள்! அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம்!" என்று விவசாயிகளே மன்றாடியதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அந்தக் கொடுமை நம் கொங்கு நாட்டில் நடந்தது.

அணையின் பெயர் ஒரத்துப்பாளையம். ஆற்றின் பெயர் நொய்யல்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்த ஆறு

நொய்யல் ஆறு கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. பேரூர் பட்டீசுவரர் கோவிலைத் தொட்டுக்கொண்டு வருகிறது. கோவை, சூலூர், திருப்பூர் ஆகிய ஊர்களைக் கடக்கிறது. கடைசியில் கரூர் மாவட்டத்தில், நொய்யல் என்று தன் பெயரையே தாங்கிய ஊருக்கு அருகே, காவிரியில் கலந்துவிடுகிறது.

பழைய நாளில் இதற்குக் காஞ்சி மாநதி என்று பெயர்.

வழி நெடுகிலும் குளங்கள். உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர்க் குளம், சூலூர்க் குளம் எல்லாம் இந்த ஆற்றின் பிள்ளைகள்தான். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வீணாக்கக் கூடாது என்று நம் முன்னோர்கள் அணைக்கட்டும் வாய்க்காலும் வெட்டி வைத்தார்கள்.

அந்த வரிசையில்தான், சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், 1992-ம் ஆண்டில் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறும் என்று சொன்னார்கள். விவசாயிகள் மகிழ்ந்தார்கள்.

ஆனால் அணைக்கு மேலே, திருப்பூரில், வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது.

பனியன் துணி உலகம் முழுவதும் விலை போயிற்று. ஊரில் வேலை பெருகியது. வெளி மாவட்டத்து மக்களுக்கும் சோறு கிடைத்தது. துணி பெருகியதால் சாயப்பட்டறைகளும் பெருகின. எழுநூறுக்கு மேல் ஆயின. அவற்றின் கழிவுத் தண்ணீர் ஆற்றில் இறங்கியது.

இறங்கிய தண்ணீர் எங்கே போகும்? கீழே உள்ள அணையில் போய் நின்றது. பாசனத்துக்குக் கட்டிய அணை, சாயத் தண்ணீர்த் தொட்டி ஆகிவிட்டது!

நிலம் வெள்ளை பூத்தது. கிணற்றுத் தண்ணீர் கரித்தது. ஆகவேதான் விவசாயிகள், "திறக்காதீர்கள்" என்று கேட்கும் நிலை வந்தது.

புது மருந்து

இப்போது விஞ்ஞானிகள் ஒரு புது வழியைச் சொல்கிறார்கள். சாயத் தண்ணீருக்குள் சின்னச் சின்ன மின்னல்களை உண்டாக்குவது! அந்த மின்னல் சாயத்தைத் துண்டு துண்டாக உடைத்துவிடும். சிவப்புத் தண்ணீர் பச்சைத் தண்ணீர் எல்லாம் நிறமில்லாத தண்ணீர் ஆகிவிடும்.

கேட்கவே இனிக்கிறது அல்லவா?

நொய்யல் கரையில் ஒரு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் வயதான விவசாயி ஒருவர். அவருடைய பேத்தி கோவையில் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்த பேத்தி இந்தச் செய்தியைத் தாத்தாவிடம் சொல்கிறாள்:

"ஏனுங்க அப்பாரு! இனிமேல் சாயத் தண்ணிக்குப் பயப்பட வேண்டியதில்லைங்க. மின்னலை விட்டுச் சாயத்தையே உடைச்சுப் போடுறாங்க. தண்ணி பளிங்கு மாதிரி ஆயிருதுங்க."

அப்பாரு வெற்றிலையை மென்றுகொண்டே கேட்கிறார்:

"சாயம் போச்சு, சரி. அதுல இருந்த உப்பு என்னாச்சு அம்மிணி?"

பேத்திக்குப் பதில் தெரியவில்லை. நமக்குத் தெரிய வேண்டும். ஏனென்றால் அந்தக் கேள்வியில்தான் நொய்யலின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் மின்னலைப் பார்ப்போம். பிறகு உப்புக்கு வருவோம்.

நான்காவது நிலை

ஐஸ் கட்டி திடப் பொருள். அதைச் சூடாக்கினால் தண்ணீர். தண்ணீரைச் சூடாக்கினால் நீராவி. இந்த மூன்றும் நமக்குத் தெரியும்.

நீராவிக்கு அப்பால் ஒரு நிலை உண்டா?

உண்டு. எந்தப் பொருளும் அணு என்னும் நுண்ணிய துகள்களால் ஆனது. அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் என்னும் இன்னும் சிறிய துகள்கள் இருக்கின்றன. ஒரு வாயுவுக்கு மின்சாரத்தாலோ வெப்பத்தாலோ மிகுந்த சக்தியைக் கொடுத்தால், எலெக்ட்ரான்கள் அணுவை விட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடும். அப்போது அந்த வாயு மின்சாரம் பாயும் வாயு ஆகிறது, ஒளி விடுகிறது.

இதற்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். 1928-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மூர் இந்தப் பெயரை வைத்தார்.

பிளாஸ்மாவை நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்காதீர்கள். தினமும் பார்க்கிறீர்கள்! சூரியன் பிளாஸ்மா. வானத்து மின்னல் பிளாஸ்மா. வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கூசவைக்கும் ஒளி பிளாஸ்மா. பழைய டியூப் லைட்டுக்குள் எரிவதும் பிளாஸ்மாதான்.

மின்னல் சுட்டெரிக்கிறது. ஆனால் எரிகிற டியூப் லைட்டைத் தொட்டால் கை வெந்துபோவதில்லை. காரணம் என்ன? டியூப் லைட்டுக்குள் எலெக்ட்ரான்களுக்கு மட்டும்தான் வேகமும் சூடும். மற்ற வாயு அவ்வளவு சூடாவதில்லை. இதைக் குளிர்ந்த பிளாஸ்மா என்பார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்ய உதவுவது பெரும்பாலும் இந்த வகைதான்.

தண்ணீரே தண்ணீரைக் கழுவுகிறது

ஆராய்ச்சிக் கூடத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சாயத் தண்ணீர். அதன் உள்ளே, அல்லது அதற்குச் சற்று மேலே, இரண்டு மின்முனைகள். நடுவே காற்றையோ, ஆக்சிஜனையோ, ஆர்கான் என்ற வாயுவையோ செலுத்துகிறார்கள். பிறகு ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் மின்சாரத்தைக் கொடுக்கிறார்கள்.

உடனே ஊதா நிறத்தில் ஒளிக் கீற்றுகள் ஓடுகின்றன. குட்டி மின்னல்கள்!

(குழந்தைகளே, இதை வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து.)

அந்த மின்னல், தண்ணீரின் மூலக்கூறையே உடைக்கிறது. தண்ணீர் என்பது இரண்டு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்தது. அதில் ஒரு ஹைட்ரஜனைப் பிய்த்துவிட்டால், மிச்சம் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும். இதற்கு ஹைட்ராக்சில் என்று பெயர்.

இந்த ஹைட்ராக்சில் இருக்கிறதே, அது பெரிய முரடன்! துணை இழந்து தவிக்கிறது. எதிரே யார் வந்தாலும் பாய்ந்து ஒன்றைப் பறித்துக்கொள்கிறது. குளோரினைவிட, ஓசோனைவிட வேகமானது. கண் இமைப்பதற்குள் எத்தனையோ ஆயிரம் ஹைட்ராக்சில்கள் பிறந்து, வேலையை முடித்து, மறைந்துவிடும்.

கூடவே ஓசோன் உண்டாகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது. பெராக்சைடு திருப்பூர்க்காரர்களுக்குப் பழைய சிநேகிதன். துணியை வெளுக்கப் பட்டறையில் ஊற்றுவது அதைத்தான். இங்கே அதை விலைக்கு வாங்க வேண்டாம். தண்ணீரிலிருந்தே அது பிறக்கிறது.

ஆக, தண்ணீரைக் கொண்டே தண்ணீரைக் கழுவும் வித்தை இது.

நிறத்தின் முடிச்சு

சாயத்துக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

துணிக்குப் போடும் சாயங்களில் பெரும் பகுதி 'அசோ' சாயம் என்ற வகை. அதன் நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கின்றன. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று நாம் காணும் நிறங்களுக்கு அந்தப் பிணைப்புத்தான் முக்கியக் காரணம். அதை நிறத்தின் முடிச்சு என்று சொல்லலாம்.

ஹைட்ராக்சில் அந்த முடிச்சை அறுக்கிறது. முடிச்சு போனால் நிறம் போயிற்று!

பருத்தித் துணிக்கு இன்று அதிகமாகப் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். 1950-களில் இங்கிலாந்தில் கண்டுபிடித்து 1956-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இது நூலோடு ரசாயன முறையில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காய்ந்தாலும், எத்தனை முறை துவைத்தாலும் லேசில் போகாது.

துணிக்கு அது நல்ல குணம். ஆற்றுக்கு அதுவே கெட்ட குணம். வெயிலுக்கும் சோப்புக்கும் அசையாத சாயம், குளத்தில் கிடக்கும் கிருமிகளுக்கு மட்டும் அசைந்து கொடுக்குமா? ஆண்டுக் கணக்கில் அப்படியே நிற்கும்.

தொட்டியில் போட்ட சாயம் முழுவதும் துணியில் ஏறுவதும் இல்லை. நூற்றில் 10 பங்கிலிருந்து 40 பங்கு வரை தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. அலசும்போது வெளியேறுகிறது. இந்தப் பிடிவாதக்காரச் சாயத்தை உடைக்கத்தான் மின்னலைக் கூப்பிடுகிறார்கள்.

நூறு வயதான புதுமை

இதெல்லாம் புத்தம் புதிது என்று எண்ண வேண்டாம். வேர் பழையது.

இடி மின்னலுக்குப் பிறகு காற்றில் ஒரு காரமான வாசனை வருவதைக் கவனித்திருப்பீர்கள். மின்சார யந்திரங்களிலும் அதே வாசனை வந்தது. 1840-ல் ஷோன்பைன் என்ற விஞ்ஞானி, "இது ஒரு தனி வாயு" என்று கண்டு, ஓசோன் என்று பெயர் வைத்தார். 1857-ல் ஜெர்மனியில் வெர்னர் வான் சீமென்ஸ், மின்சாரத்தைக் காற்றில் பாய்ச்சி ஓசோன் தயாரிக்கும் குழாயைச் செய்தார். அந்தக் குழாய்க்குள் நடந்தது பிளாஸ்மாதான். அந்தப் பெயர்தான் அப்போது பிறக்கவில்லை.

1906-ல் பிரான்சு தேசத்தின் நீஸ் நகரில் குடிதண்ணீரை ஓசோனால் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். இன்றும் உலகில் பல நகரங்களில் இந்த முறை உண்டு.

ஓசோனை வெளியே தயாரித்துத் தண்ணீருக்குள் அனுப்புவது பழைய முறை. மின்னலையே தண்ணீருக்குள் கொண்டுபோவது புதிய முறை. இதில் என்ன லாபம்? அற்ப ஆயுள் கொண்ட ஹைட்ராக்சில், பிறந்த இடத்திலேயே சாயத்தைப் பிடித்துவிடும். வழியில் செத்துப்போகாது.

நம் கல்லூரிகளிலும்

இந்தியாவில் பிளாஸ்மாவுக்கென்றே ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனம் குஜராத் மாநிலம் காந்திநகரில் இருக்கிறது. தொழிற்சாலைகளுக்குப் பிளாஸ்மாவை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்க்க அங்கே தனிப் பிரிவும் உண்டு.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கொங்கு நாட்டுக் கல்லூரிகளின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடங்களிலேயே இந்த வேலை நடந்து வருகிறது. பஞ்சாலையும் சாயப்பட்டறையும் உள்ள ஊரில், அவற்றின் கஷ்டத்தைத் தீர்க்கும் ஆராய்ச்சியும் நடப்பது பொருத்தம்தானே!

2020-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில், தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 'ரியாக்டிவ் புளூ 198' என்ற நீலச் சாயத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆர்கான் வாயுவில் குளிர்ந்த பிளாஸ்மாவை உண்டாக்கி, அதைச் சாயத் தண்ணீரின் மேல் பாய்ச்சினார்கள். மின்சார அழுத்தம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சாயம் உடையும் அளவு மாறுவதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

சாயம் உடைகிறது. அதில் சந்தேகம் இல்லை.

இனி அப்பாருவின் கேள்விக்கு வருவோம்.

கடலைவிடக் கரிக்கும் தொட்டி

சாயப்பட்டறையில் உப்புக்கு என்ன வேலை?

பருத்தி நூலைத் தண்ணீரில் நனைத்தால், அதுவும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும். உப்புப் போட்டால் அந்தப் பிணக்கு தீரும். சாயம் தண்ணீரை விட்டு நூலின் பக்கம் போகும். பிறகு சோடா உப்புப் போட்டால் சாயம் நூலில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

எவ்வளவு உப்பு? கருநீலம், கறுப்பு போன்ற அடர்ந்த நிறம் என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராமுக்கும் மேல். கடல் தண்ணீரில் இருப்பதே லிட்டருக்கு 35 கிராம் உப்புத்தான். சாயத் தொட்டி கடலைவிடக் கரிக்கிறது!

அடர்ந்த நிறத்துக்கு, ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ அளவுக்குக்கூட உப்புச் செலவாகும். சாயமாவது பாதிக்கு மேல் துணியோடு போய்விடுகிறது. உப்பு ஒரு கிராம்கூடத் துணியோடு போவதில்லை. வேலை முடிந்ததும் அத்தனையும் தண்ணீரோடு வெளியேறுகிறது.

இப்போது வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இது ஆபத்தில்லாதது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் பளிங்கு போலத்தான் இருக்கும். அதைத் தட்டில் ஊற்றி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். தட்டு முழுவதும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

நொய்யல் கரை வயல்களில் நடந்தது இதுதான். வெயில் தண்ணீரைக் குடித்தது. உப்பு மண்ணில் தங்கியது. உப்பு ஏறிய மண்ணில் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஈரம் இருந்தும் பயிர் தாகத்தில் வாடும். களிமண் இறுகிக் கல்லாகும்.

சாயம் கண்ணுக்குத் தெரிந்த எதிரி. உப்பு கண்ணுக்குத் தெரியாத எதிரி.

மின்னலுக்கு அடங்காத உப்பு

பிளாஸ்மா சாயத்தை உடைக்கும். உப்பை உடைக்குமா?

உடைக்காது. உப்பில் அறுப்பதற்கு முடிச்சு இல்லை. தண்ணீரில் கரைந்த உடனே அது ஏற்கெனவே பிரிந்துதான் நிற்கிறது. மின்னல் எத்தனை முறை அடித்தாலும், உள்ளே போன உப்பு அப்படியே வெளியே வரும்.

அது மட்டுமல்ல. உப்பு, மின்னலுக்கே இடைஞ்சல் செய்கிறது.

உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும். மின்னல் அடிப்பதற்கு முன்பே, கொடுத்த மின்சாரம் தண்ணீர் வழியாக வீணாக ஓடி, தண்ணீரைச் சூடாக்கிவிடும். மேலும், உப்பில் உள்ள குளோரைடு, சாயத்தைத் தாக்க வேண்டிய ஹைட்ராக்சிலைத் தானே விழுங்கிவிடும். ஆராய்ச்சிக் கூடத்தில் நல்ல தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சாயத்தைக் கரைத்துச் செய்யும் சோதனைக்கும், பட்டறையின் வாய்க்காலில் வரும் தண்ணீருக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நிறம் போய்விட்டது என்றால் விஷம் போய்விட்டது என்று பொருள் அல்ல. அசோ முடிச்சை அரைகுறையாக அறுத்தால், உடைந்த துண்டுகள் நிறமில்லாமல் தண்ணீரில் நிற்கும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. மேலும் மேலும் உடைத்துக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆக்கினால்தான் வேலை முடிந்தது. அதற்கு அதிக நேரம் வேண்டும். அதிக மின்சாரமும் வேண்டும்.

மின்சாரத்துக்குக் காசு வேண்டும் அல்லவா? கிண்ணத்து அளவுத் தண்ணீரைச் சுத்தம் செய்வது வேறு. தினம் லட்சக்கணக்கான லிட்டரைச் சுத்தம் செய்வது வேறு.

ஒரு முறை ஏமாந்தோம்

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்? காரணம் இருக்கிறது. நிறத்தைப் பார்த்து நொய்யல் ஏற்கெனவே ஒரு முறை ஏமாந்திருக்கிறது.

1990-களின் பிற்பகுதியில் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். பல பட்டறைகளின் தண்ணீரை ஓரிடத்தில் சேர்த்து, சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுச் சாயத்தைப் படிய வைத்தார்கள். நிறம் குறைந்தது. சேறு மலைபோல் குவிந்தது. ஆனால் உப்பு? அது தெளிந்த தண்ணீரோடு ஆற்றுக்குப் போய்விட்டது!

கழிவு நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த விதி காற்றில் பறந்தது.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2006-ல் சென்னை ஐகோர்ட்டு, ஒரு சொட்டுக் கழிவு நீர்கூட ஆற்றில் விழக் கூடாது என்ற கொள்கையை வலியுறுத்தித் தீர்ப்புச் சொன்னது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் பட்டறைகளுக்குக் கெடு வைத்தது. கெடு கடந்தது. 2011 ஜனவரியில் ஐகோர்ட்டு, எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது.

எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. திருப்பூர் திகைத்தது. பட்டறையில் கூலிக்கு நின்றவர் வேலை இழந்தார். துணி சாயத்துக்காக வெளியூர் போயிற்று. கீழே விவசாயியின் கண்ணீர். மேலே தொழிலாளியின் கண்ணீர். இரண்டும் ஒரே ஆற்றங்கரையில்!

இன்று என்ன நடக்கிறது?

பிறகுதான் உப்பையும் பிடிக்கும் முறை வேரூன்றியது. திருப்பூரில் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைத் தின்னச் செய்கிறார்கள். பிறகு, வீட்டில் குடிதண்ணீருக்கு வைக்கிறோமே, அந்த ஆர்.ஓ. முறையில் பெரிய அளவில் வடிகட்டுகிறார்கள். நல்ல தண்ணீர் மறுபடி பட்டறைக்கே போகிறது. மிஞ்சும் கெட்டியான உப்புத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி உப்பை எடுக்கிறார்கள். அல்லது அந்த உப்புத் தண்ணீரையே மறுபடி சாயம் போடப் பயன்படுத்துகிறார்கள்.

இதற்குச் செலவு அதிகம். ஆர்.ஓ. சவ்வில் சாயம் படிந்து அடைத்துக்கொள்ளும். காய்ச்ச விறகும் மின்சாரமும் வேண்டும். சாயம் கலந்த உப்பு எதற்கும் உதவாமல் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

செலவுக்குப் பயந்து, இருட்டில் கழிவைத் திறந்துவிடுவதாக ஆங்காங்கே இன்றும் புகார் வரத்தான் செய்கிறது.

மின்னலின் இடம்

அப்படியானால் பிளாஸ்மாவால் பயனே இல்லையா?

நிச்சயமாக உண்டு. ஆனால் அது தனி ஆளாகப் போய் நொய்யலைக் காப்பாற்றாது. கூட்டத்தில் ஒருவனாக நின்று உதவும்.

ஆர்.ஓ.வுக்கு முன்னால் அதை வைத்தால், மிஞ்சியிருக்கும் சாயத்தை உடைத்துச் சவ்வு அடைபடாமல் காக்கலாம். ஆர்.ஓ.வுக்குப் பின்னால் வைத்தால், உப்புத் தண்ணீரின் நிறத்தைப் போக்கலாம். நிறமில்லாத உப்புத் தண்ணீர் என்றால், பட்டறைக்காரர் அதை அடுத்த தொட்டியில் தயக்கமில்லாமல் ஊற்றுவார். புது உப்பு வாங்கும் செலவு மிச்சம். குப்பையாகக் கிடக்கும் உப்பும் குறையும். சுண்ணாம்பு முறை போலச் சேறும் குவியாது.

உப்புத் தண்ணீரில் மின்னல் சரியாக அடிப்பதில்லை என்று பார்த்தோம். ஆகையால் தண்ணீருக்குள் அல்லாமல் அதன் மேற்பரப்பில் அடிப்பது, காற்றுக் குமிழிக்குள் அடிப்பது, விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் வெட்டு வெட்டான மின்சாரத்தைக் கொடுப்பது என்று பல வழிகளை உலகெங்கும் விஞ்ஞானிகள் சோதிக்கிறார்கள். மின்செலவு குறைந்தால், ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து பட்டறைக்கு வழி பிறக்கும்.

நமக்கு ஒரு அளவுகோல்

நாளைக்கு ஒரு கம்பெனிக்காரர் பளபளக்கும் யந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தலாம். ஒரு பக்கம் சிவப்புத் தண்ணீரை ஊற்றி, மறு பக்கம் தெளிந்த தண்ணீரைக் காட்டலாம். கூட்டம் கை தட்டும்.

அப்போது நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

உப்பு எங்கே போயிற்று?

உடைந்த சாயத்தின் துண்டுகள் என்ன ஆயின?

ஒரு லிட்டருக்கு மின்சாரம் எவ்வளவு?

இந்த மூன்றுக்கும் சரியான பதில் சொன்னால், அந்த யந்திரத்தை மாலை போட்டு வரவேற்கலாம்.

இதைக் கேட்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வெற்றிலை மென்றுகொண்டிருந்த அப்பாரு முதல் கேள்வியைக் கேட்டுவிட்டார் அல்லவா? அவர் விஞ்ஞானம் படித்தவர் அல்ல. ஆனால் தம் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தவர்.

பேத்தி என்ன சொன்னாள்?

"உப்பு அப்படியேதான் இருக்குதுங்க அப்பாரு. அதுக்கு வேற வழி பண்ணணுமுங்க."

"அப்படிச் சொல்லு அம்மிணி! ரெண்டையும் எடுக்கறதுக்குப் படி. அப்புறம் நானே வந்து அணையைத் திறக்கச் சொல்றேன்."